பேசி முடிப்பது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் டெல்டாவில் கைக்கு இருக்கும் வேலையைவிட வாய்க்கு இருக்கும் வேலை அதிகம். அறுவடை மெஷின்காரரிடம் மணிக் கணக்கு, மூட்டை தூக்குபவர்களிடம் கூலி, வியாபாரியிடம் நெல் விலை, நிலத்துக்காரரிடம் குத்தகை பாக்கி, பக்கத்து வயல்காரரிடம் வண்டி போக வழி. எல்லாமே சில வாரங்களுக்குள் பேசி முடித்தாக வேண்டும். சிலது சுமுகமாக முடியும். சிலது அடுத்த அறுப்புவரை முகம் பார்க்காமல் போகிற அளவுக்கு இழுத்துவிடும்.

இப்படி இழுப்பதற்குத் தொகை காரணமாக இருப்பது குறைவு. நூறு, இருநூறு வித்தியாசத்தை எப்படியாவது சரிக்கட்டிக்கொள்வோம். மழை வந்தால் நஷ்டம் யார் தலையில், தண்ணீர் வராவிட்டால் யார் தலையில் என்பதை வாயைத் திறந்து பேசாமல் விட்டதுதான் பின்னால் சண்டையாக வந்து நிற்கும். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது கெட்டதைப் பேசுவது அபசகுனம் என்று நமக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணத்தை விட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே சொல்லும் உதாரணங்கள் வயலைச் சுற்றியே இருக்கும். கடை, அலுவலகம், வீடு எங்கே பேசினாலும் வரிசை இதேதான்.

1. கிளம்பும் முன் மூன்று வரி

ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். எனக்கு என்ன வேண்டும்? அவருக்கு என்ன வேண்டியிருக்கும்? இது படியாவிட்டால் நான் என்ன செய்வேன்?

மூன்றாவது வரிதான் உங்கள் பலம். அறுத்த நெல் ஈரமாகச் சாலையோரம் குவிந்து கிடக்கிறது, வானம் மூடியிருக்கிறது, தார்ப்பாய் இல்லை என்றால் வியாபாரி உங்களைக் கேட்கவே வேண்டாம். குவியலைப் பார்த்தே விலையை முடிவு செய்துவிடுவார். அதே நெல்லை இரண்டு நாள் களத்தில் காய வைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் கொண்டுவந்து அரசு கொள்முதல் நிலையத்தில் போட வழி இருந்தால், அதே வியாபாரி உங்களோடு உட்கார்ந்து பேசுவார். ஆக, பேரம் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் தார்ப்பாய்க்கு ஏற்பாடு செய்யுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சாமர்த்தியமான பேச்சைவிட இன்னொரு வழி கையில் இருப்பதுதான் அதிகம் வேலை செய்யும்.

அப்புறம் அளவு. நம் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இதில் குழப்பம் வராது. குழப்பம் மூட்டையில் வரும். தனியார் வியாபாரத்தில் 60 கிலோ மூட்டை என்று பேசுவது சகஜம். அரசு கொள்முதலில் 40 கிலோ சிப்பம். ‘மாவுக்கு இத்தனை மூட்டை குத்தகை’ என்று ஒருவர் 60 கிலோவை மனதில் வைத்துச் சொல்ல, மற்றவர் 40 கிலோவை மனதில் வைத்துத் தலையாட்டினால், இரண்டு பேருமே நாணயஸ்தர்களாக இருந்தும் அறுப்பு அன்று ஒருவர் மோசக்காரர் ஆகிவிடுவார். எத்தனை கிலோ மூட்டை, ஈர நெல்லா காய்ந்த நெல்லா, தூற்றியதா தூற்றாததா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

2. யார், எங்கே, எப்போது

டீக்கடையில் பேசாதீர்கள். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் யாராலும் இறங்கிவர முடியாது. சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், கொஞ்சம் சத்தமாக. கையில் மண்வெட்டியோடு மடையில் நின்றும் பேச வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலும் வேண்டாம்.

முடிவெடுக்கும் அதிகாரம் இருப்பவர் எதிரில் இருக்கிறாரா என்று பாருங்கள். நிலம் அண்ணன் பெயரில், பேசுவது தம்பி, கடைசி வார்த்தை துபாயில் இருக்கும் மருமகன் என்றால் நீங்கள் பேசியது மூன்று முறை பேசப்படும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரையும். ‘இத நாம பேசி முடிச்சா முடிஞ்சதுதானே, இன்னும் யாரையாவது கேக்கணுமா?’ என்று முதலிலேயே கேட்பதில் தவறில்லை.

உட்காரும் விஷயமும் உண்டு. ஒருவர் நாற்காலியில், ஒருவர் திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டு என்றால் அதற்குப் பேச்சுவார்த்தை என்று பெயர் வைக்க முடியாது. டெல்டாவில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்குப் பின்னால் சாதியும் நிலமும் சேர்ந்த நீண்ட வரலாறு இருக்கிறது. நாற்காலி உங்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்றையும் எடுத்துப் போடுங்கள். நீங்கள் நிற்க வைக்கப்படும் இடத்தில் இருந்தால், வேறு பொது இடத்தில், கூட்டுறவு சங்க வாசலிலோ பள்ளிக்கூட மரத்தடியிலோ பேசலாம் என்று கேளுங்கள். நிற்பவர் சொல்லும் சம்மதத்தை நம்பி எதையும் திட்டமிட முடியாது.

3. முதல் வாக்கியம்

நலம் விசாரிப்பது, தண்ணீர் கொடுப்பது, வெற்றிலைத் தட்டை நகர்த்துவது எல்லாம் வீண் நேரம் என்று நினைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எதிரில் இருப்பவர் இன்று எந்த மனநிலையில் இருக்கிறார் என்பது தெரியும். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால், அன்றைக்குப் பணப் பேச்சை எடுக்காமல் திரும்பி வந்துவிடுவதே நல்லது.

விஷயத்துக்கு வரும்போது நடந்ததைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். ‘ராத்திரி என் தண்ணிய அடச்சிட்டீங்களே, நியாயமா?’ என்று தொடங்கினால் அவர் மறுக்கத்தான் வேண்டும். ‘நேத்து ராத்திரி என் வயலுக்குத் தண்ணி ஏறலை அண்ணே. மதகுப் பக்கம் என்ன ஆச்சுன்னு தெரியலை, நீங்க போனீங்களா?’ என்று தொடங்கினால் அவர் பதில் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. அடைத்தவர் அவராகவே இருந்தாலும், ‘ஆமாப்பா, நாத்து காய்ஞ்சு போச்சேன்னு கொஞ்சம் திருப்பிட்டேன்’ என்று சொல்ல இடம் இருக்கிறது.

அண்ணே, மாமா, சித்தப்பா என்று முறை வைத்துக் கூப்பிடுவது உதவும். வழக்கமாக ‘சார்’ என்று கூப்பிடுபவரைக் காரியம் ஆக வேண்டிய அன்று மட்டும் ‘மாமா’ என்றால் யாருக்கும் புரிந்துவிடும்.

4. கேட்பது, உண்மையிலேயே கேட்பது

இந்தப் படியில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். கற்பனையான ஒரு உரையாடலை எடுத்துக்கொள்வோம். நிலத்துக்காரர் தாம்பரத்தில் இருக்கிறார். குத்தகைக்காரர் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில். இரண்டு குடும்பமும் முப்பது வருஷப் பழக்கம், எல்லாம் வாய்ப்பேச்சு.

‘இந்த வருஷம் மாவுக்கு ஒரு மூட்டை கூடப் போட்டுக் குடுங்க.’

‘முடியாதுங்க. உரம் விக்கிற விலைக்குப் பழையதே கட்டுப்படி ஆகலை.’

‘அப்ப வேற ஆள் பாத்துக்கறேன்.’

மூன்று வரியில் முப்பது வருஷம் முடிந்தது. இதையே குத்தகைக்காரர் இரண்டாவது வரியில் வேறு மாதிரி எடுத்தால்:

‘ஒரு மூட்டை கூடக் கேக்குறீங்க. எதனாலன்னு தெரிஞ்சுக்கலாங்களா?’

‘எதனாலன்னா... ஒரு வருஷம் முழுசா வருது, ஒரு வருஷம் வெள்ளம்னு பாதி வருது. எதையும் நம்பிக் கணக்குப் போட முடியலை. அதான் வர்றப்பவே கொஞ்சம் கூட வாங்கிடலாம்னு.’

‘அப்ப கூட வேணுங்கறத விட, ஒழுங்கா வரணுங்கறதுதான் உங்களுக்கு முக்கியம், இல்லைங்களா?’

‘அப்படித்தான் வச்சுக்கயேன்.’

‘வெள்ளத்துல போனா எனக்கும் கையில ஒண்ணும் இல்லீங்க, அதான் குடுக்க முடியலை. காப்பீடு போட்டிருந்தா வந்திருக்கும். அடங்கல் என் பேர்ல இல்லாததால போட முடியலை.’

‘அடங்கல்ல உன் பேர் ஏறினா நாளைக்கு நிலத்தையே உன்னுதுன்னு சொல்லிட்டா?’

இப்போதுதான் விஷயம் வெளியே வந்திருக்கிறது. ஒரு மூட்டை என்பது மேலே தெரிந்தது. அடியில் இருந்தது இரண்டு பயம். நிலத்துக்காரருக்கு நிலம் போய்விடுமோ என்று. குத்தகைக்காரருக்குப் பயிர் போனால் தெருவில் நிற்க வேண்டுமே என்று. குத்தகைதாரரும் பயிர்க் காப்பீட்டில் சேரலாம். சாகுபடி செய்வது அவர்தான் என்று விஏஓ தரும் அடங்கல் அதற்கு வேண்டும். குத்தகை உரிமையைப் பதிவு செய்வது 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் தனி நடைமுறை. இரண்டு பேரும் சேர்ந்தே ஒரு வக்கீலிடம் போய் எது எது வரை போகும் என்று கேட்டுவிட்டால் பயத்துக்கு ஒரு அளவு கிடைக்கும். காப்பீடு வந்தால் வெள்ள வருஷத்திலும் நிலத்துக்காரருக்கு ஏதாவது தர முடியும் என்பது இருவருக்குமே லாபம். மூட்டைக் கணக்கு இன்னும் முடியவில்லை, உண்மைதான். ஆனால் இனிமேல் பேசுவதற்கு ஒரு விஷயம் இருக்கிறது.

குத்தகைக்காரர் அந்த உரையாடலில் மூன்று காரியம் செய்தார். காரணம் கேட்டார். கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதி செய்துகொண்டார். அதற்குப் பிறகே தன் கஷ்டத்தைச் சொன்னார். நாம் வழக்கமாக மூன்றாவதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுவோம்.

ஒரு எச்சரிக்கை. ‘ஏன்?’ என்று மொட்டையாகக் கேட்டால் விசாரணை போல இருக்கும். ‘என்ன யோசனைல சொல்றீங்க?’, ‘எது இடிக்குது?’ என்பவை நம் காதுக்கு மென்மை. கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். எதிரில் இருப்பவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் நாமே பதற்றத்தில் விலையை இறக்கிவிடுவது வாடிக்கையாக நடக்கும்.

5. தொகையைப் பேசுவது

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் கையைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். உம்பளச்சேரி மாடு ஒன்றைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். விலை துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்லிவிட்ட விலையிலிருந்து இறங்குவது அவமானம். துண்டுக்குள் இறங்கினால் அது யாருக்கும் தெரியாது, மானமும் போகாது. தரகர் நடுவில் சம்பாதிக்கிறார், சில தரகர்கள் இரண்டு பக்கமும் சம்பாதிக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தத் துண்டின் யோசனையை எந்தப் பேரத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்: எண்களைத் தனியாகப் பேசுங்கள், ஊர் முன்னால் முடிவை மட்டும் சொல்லுங்கள். சம்பள உயர்வு கேட்பவருக்கும் இது பொருந்தும்.

யார் முதலில் விலை சொல்வது? சந்தை நிலவரம் நன்றாகத் தெரிந்தால் நீங்களே சொல்லுங்கள். முதலில் விழும் எண்ணைச் சுற்றியே பேச்சு சுழலும். தெரியாவிட்டால் அவரைச் சொல்ல விடுங்கள். சொல்லும்போது காரணத்தோடு சொல்லுங்கள். ‘எட்டாயிரம் குடுங்க’ என்பது வீம்பு. ‘ஆள் கூலி இவ்வளவு, டீசல் இவ்வளவு, எனக்கு நிக்கிறது இவ்வளவு’ என்பது கணக்கு. கணக்கோடு வாதாடலாம், வீம்போடு மல்லுக்கட்டத்தான் முடியும்.

‘சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பாதிக்குப் பாதி’ என்று நடுவில் ஒருவர் வெட்டுவார். எனக்கு அது பிடிப்பதில்லை. அது முதலில் அநியாய விலை சொன்னவருக்கே சாதகம். அதற்குப் பதில், தொகைக்கு வெளியே மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்று பாருங்கள். வைக்கோல் யாருக்கு? பணம் இன்றா, பதினைந்து நாள் கழித்தா? அடுத்த குறுவைக்கும் இதே ஆள்தானா? ஒருவருக்குப் பெரிதாகத் தெரியாதது மற்றவருக்குப் பெரிய விஷயமாக இருக்கும். மாடு வைத்திருக்காதவருக்கு வைக்கோல் தொந்தரவு, மாடு வைத்திருப்பவருக்கு அது ஆறு மாதத் தீவனம்.

6. ‘ஒருவேளை’ என்று ஆரம்பிக்கும் கேள்விகள்

தொகை முடிந்ததும் கை கொடுத்துவிட்டு எழுந்துவிடுவதுதான் வழக்கம். எழுந்திருக்காதீர்கள்.

அறுவடை மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு இவ்வளவு என்று பேசியாயிற்று. மணி எப்போது தொடங்குகிறது? சாலையிலிருந்து இறங்கும்போதா, வயலில் முதல் வரிசை அறுக்கும்போதா? சாய்ந்த பயிர் என்றால் மெதுவாகத்தான் அறுக்க முடியும், நேரம் கூடும். அதே மணி வாடகைதானா? சகதியில் டயர் மெஷின் சிக்கினால் இழுக்கும் செலவு யாருடையது, சிக்கி நின்ற நேரம் யாருடையது? ஈர வயல் என்று தெரிந்தும் பெல்ட் மெஷின் வராவிட்டால்? பாதியில் பழுதானால் மீதிக்கு நான் வேறு மெஷின் கூப்பிடலாமா? ஓட்டுநர் பேட்டா வாடகைக்குள்ளா, வெளியேவா? மழை பிடித்தால் முன்பணம் என்ன ஆகும்?

இவ்வளவையும் கேட்டால் ‘என்னங்க, என்மேல நம்பிக்கை இல்லையா?’ என்பார். ‘உங்கமேல நம்பிக்கை இருக்குங்க, மழைமேலதான் இல்லை’ என்று சொல்லுங்கள்.

இதன் அருமை காவிரிக்காரர்களான நமக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழகத்துக்கு விட வேண்டியது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று நிர்ணயித்தது, அதே ஆண்டு மேலாண்மை ஆணையமும் வந்தது. இருந்தும் நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் காவிரி பற்றி யாரும் பேசுவதில்லை. 2023 போல மழை குறையும் ஆண்டில் எல்லாம் மறுபடியும் கொதிக்கிறது. வழக்கமான ஆண்டுக்கு எண் இருக்கிறது. பற்றாக்குறை ஆண்டில் குறைவை எந்த விகிதத்தில், எந்தத் தேதியில், எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் இழுபறி.

2003-இல் இரு மாநில விவசாயிகளும் சேர்ந்து ‘காவிரிக் குடும்பம்’ என்று ஒரு குழு அமைத்தார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அதற்குத் துணை நின்றது. அங்கிருப்பவர்கள் இங்கே வந்தும், இங்கிருப்பவர்கள் அங்கே போயும் ஒருவர் வயலை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதும் இந்தப் பற்றாக்குறைக் காலப் பங்கீட்டில்தான். தீர்வு அந்தக் குழுவிலிருந்து வந்துவிடவில்லை. ஆனால் கடைமடையில் நாற்றங்கால் காய்ந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுவது வேறு, டிவியில் தலைவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பேசுவது வேறு.

வாய்க்கால் அளவிலும் இதையே செய்யலாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் நிறைந்து ஓடும்போதே தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும், மதகைத் திறந்து மூடும் லஸ்கரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசிவிடுங்கள்: முறை வைக்க நேர்ந்தால் யாருக்கு எத்தனை நாள், ராத்திரி முறை யாருக்கு, நாற்றங்கால் வைத்தவருக்கு முன்னுரிமை உண்டா. தண்ணீர் குறைந்த பிறகு அந்தக் கூட்டத்தைக் கூட்டினால் யாரும் நியாயத்துக்காகப் பேச மாட்டார்கள், அவரவர் பயிருக்காகப் பேசுவார்கள்.

7. சூடு ஏறும்போது

‘உங்க அப்பா காலத்துலயே இப்படித்தான்’ என்ற வரி விழுந்ததும் அன்றைய பேச்சு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல நாக்கு துடிக்கும். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ‘அந்தப் பழைய விஷயமும் பேச வேண்டியதுதான், இன்னொரு நாள் தனியா பேசுவோம். இன்னைக்கு இந்த வரப்பை மட்டும் முடிப்போம்’ என்று இரண்டையும் பிரித்து வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அடுத்து உட்காரும் நாளை மட்டும் குறித்துக்கொண்டு கலையுங்கள். தப்பு உங்கள் பக்கம் இருந்தால் ஒரு வரியில் ஒத்துக்கொள்ளுங்கள். ‘தப்புதான், ஆனா’ என்று அதில் ‘ஆனா’ சேர்த்தால் முன்னால் சொன்னது செல்லாது.

8. முடித்ததை முடிச்சுப் போடுவது

‘பாத்துப் போட்டுக் குடுங்க’, ‘நமக்குள்ள என்ன’ என்று முடித்தால், கேட்க இதமாக இருக்கும். பின்னால் வரும் தகராறுக்கு விதையும் அதுதான். பேசியதை ஒருவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், மற்றவர் ஆமாம் சொல்ல வேண்டும். எழுதச் சொன்னால் சங்கடப்படுவார் என்றால் வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள்: ‘அண்ணே, இன்னைக்குப் பேசினது இதுதான், ஏதாவது விட்டுப்போச்சுன்னா சொல்லுங்க.’ அதுவே போதும். முன்பணம் கொடுத்தால் தேதியும் எதற்கு என்பதும் அதில் வரட்டும். குத்தகை, அடமானம், பாகப்பிரிவினை போன்றவற்றை மட்டும் இப்படி விட்டுவிடாமல் முறையாகப் பத்திரமாக்குங்கள்.

9. வீட்டுக்குள்

வெளியாட்களிடம் இவ்வளவு பக்குவமாகப் பேசும் ஆள், வீட்டில் மனைவியிடமோ மகனிடமோ ‘சொன்னா கேளு’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். மேலே சொன்ன நான்காவது படி வீட்டில்தான் அதிகம் தேவை. மகன் ‘விவசாயம் வேணாம், திருப்பூர் போறேன்’ என்றால் பதில் சொல்வதற்கு முன் ‘எது உன்னை இங்க இருக்க விடமாட்டேங்குது?’ என்று ஒரு தடவை கேளுங்கள். வருமானமா, கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காததா, அப்பாவிடம் கைநீட்டிக் காசு வாங்குவதா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

சொத்துப் பேச்சில் ஒன்று மட்டும். கூடப் பிறந்தவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று பேசாமலேயே முடிவு செய்வது இன்னும் நடக்கிறது. மூதாதையர் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது, 2005-இல் மத்திய சட்டமும் வந்தது. அவளுடைய பங்கைச் சொல்லிவிட்டு, அவளுக்கு என்ன விருப்பம் என்று கேளுங்கள். விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அவளே சொல்லட்டும். பத்திரம் எழுதும் அன்று காரில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் இதைச் சொல்வதற்குப் பெயர் பேச்சு இல்லை.

10. பேச்சு உதவாத இடம்

எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம் என்பவர்களை நான் நம்புவதில்லை. எதிரில் இருப்பவர் உங்களை மிரட்டினாலோ, பேசப் போனதற்கே தண்டனை வரும் என்றாலோ, தனியாகப் போய் உட்காராதீர்கள். கூலியைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நியாயக் கூலிக்கான சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. பலமில்லாதவர்களின் பேச்சுக்குச் சங்கமோ சட்டமோ பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு வழிகள் இருக்கின்றன. திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம், மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம்: அங்கே சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்ப வரும், முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. மேல்முறையீடு இல்லை என்பதால், அங்கே சம்மதம் சொல்வதற்கு முன் அந்த மூன்று வரித் தாளை எடுத்துப் போங்கள். எட்டாவது படியில் அனுப்பிய குரல் பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள், தேவைப்படலாம்.